தடுப்புக்கு என்ன விலை? மேசைச் சண்டைக்கு ஒரு விதியைத் தேர்ந்தெடுத்தல்

ரோல்பிளேயிங் கேமில், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்தில், எதிரி வாளை ஓங்கும்போது, வெட்டு வாங்கப்போகிற கதாபாத்திரத்தின் ஆட்டக்காரர் என்ன செய்கிறார்? பெரும்பாலான மேசைகளில் ஒன்றும் செய்வதில்லை. கதையையும் எதிரிகளையும் நடத்துகிற கேம் மாஸ்டர் பகடையை உருட்டி ஒரு எண்ணைச் சொல்கிறார். ஆட்டக்காரர் தன் தாளைப் பார்த்து, "பட்டுது" என்று சொல்லி ஹெச்பியை (உயிர்ப் புள்ளியை) கழிக்கிறார். உயிர் போகிற நேரத்தில் அவருக்குக் கிடைத்த வேலை ஒரு கழித்தல் கணக்கு. அங்கே அவர் கையில் ஒரு முடிவைக் கொடுக்க முடியுமா, கொடுத்தால் ஆட்டம் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்குமா? சொந்தமாகச் சண்டை விதி எழுத உட்காருகிற எல்லாரும் சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள்.

எங்கள் மேசை குழித்துறையில் இருக்கிறது. பாறசாலையிலிருந்து வருகிறவர்கள் மலையாளம் பேசுவார்கள், மற்றவர்கள் குமரித் தமிழ், விதி பேசும்போது இரண்டும் கலந்து வரும். ஆடுவது நாங்களே எழுதிவரும் ஆட்டம். காலம் 1740-கள், இடம் வேணாடு. பத்மநாபபுரம் தலைநகரம், மிளகுக்காக டச்சுக்காரர்களோடு தகராறு, 1741-ல் குளச்சல் சண்டை. கதாபாத்திரங்கள் கையில் நெடுவடி (நீளக் கம்பு), குறுவடி (குட்டைக் கம்பு), வாளும் பரிசையும் (கேடயம்), ஒன்றிரண்டு பேரிடம் துப்பாக்கி. உடம்பில் இரும்புக் கவசம் கிடையாது. நாங்கள் எடுத்த முடிவுக்கெல்லாம் அடிப்படை இதுதான். கவசம் இல்லாத ஊரில் ஒருவனைக் காப்பாற்றுவது அவன் காலும் கையில் இருக்கிற கம்பும். விதி அதைக் காட்டவில்லை என்றால் சண்டை எந்த ஊரில் நடந்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முதலில் பழைய வழி. 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) தொடங்கிவைத்த ஆர்மர் கிளாஸ். கவசம், பரிசை, சுறுசுறுப்பு எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்கிவிடுவது. அடிக்கிறவர் இருபது பக்கப் பகடையை உருட்டி, தன் போனஸைக் கூட்டி, அந்த எண்ணைத் தொட்டால் அடி பட்டது. இன்றைய பதிப்பில் போனஸ் 5, எதிரியின் ஆர்மர் கிளாஸ் 15 என்றால் படும் வாய்ப்பு 55 சதவீதம். ஒரு ரவுண்டில் பத்து அடி என்றால் பத்து உருட்டு, அவ்வளவுதான். இந்த வேகத்தை யாரும் லேசாக நினைக்கக் கூடாது. தற்காப்பு உருட்டு சேர்க்கிற ஒவ்வொரு விதியும் இந்த வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுதான் வளர்கிறது. தின்றதற்குப் பதிலாக மேசைக்கு என்ன கொடுக்கிறது என்று பார்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

ஆனால் எங்கள் வேணாட்டில் இந்த எண் எடுபடவில்லை. கவசம் இல்லாததால் எல்லாருக்கும் 10-லிருந்து 13-க்குள் அடங்கிவிடுகிறது. ஆசானும் நேற்று களரிக்கு வந்த பையனும் அடி வாங்குவதில் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறார்கள்.

செலவே இல்லாத ஒரு மாற்றம் உண்டு. உருட்டுகிற கையை மட்டும் மாற்றுவது. எதிரி அடிக்கும்போதும் ஆட்டக்காரரே தற்காப்புக்கு உருட்டுவார், கேம் மாஸ்டர் பகடையைத் தொடமாட்டார். 2013-ல் வந்த நியூமெனெரா முழுக்க இப்படித்தான் ஓடுகிறது. எதிரியின் நிலையை மூன்றால் பெருக்கி வரும் எண்ணை ஆட்டக்காரர் எட்ட வேண்டும், நான்காம் நிலை எதிரி என்றால் 12. டி அண்ட் டி ஆடுகிறவர்களும் இதை இன்றைக்கே செய்துகொள்ளலாம். ஆர்மர் கிளாஸிலிருந்து 10-ஐக் கழித்தால் தற்காப்பு போனஸ், எதிரியின் தாக்கு போனஸோடு 12-ஐக் கூட்டினால் எட்ட வேண்டிய எண். மேலே சொன்ன 55 சதவீதம் அப்படியே வரும். மேசையில் தூங்கி வழிகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் தன் உயிருக்குத் தானே உருட்டுகிறார். ஏற்கெனவே ஒரு ஆட்டம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். குறை ஒன்றுதான்: உருட்டு இருக்கிறது, முடிவு இல்லை. தடுக்கலாமா விலகலாமா என்று அவர் யோசிக்க எதுவும் கிடைப்பதில்லை.

அடுத்து, இரண்டு பேரும் உருட்டி, கூடுதல் வந்தவர் ஜெயிப்பது. சொந்த விதி எழுதுகிறவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான், நியாயமாகத் தெரிவதால். எண்களைப் பார்த்தால் வேறு கதை. இரண்டு இருபது பக்கப் பகடைகள் மோதும்போது, சம பலம் என்றால் அடிப்பவருக்கு 52.5 சதவீதம் (இருவருக்கும் ஒரே எண் வந்தால் அடி பட்டதாக வைத்து). அடிப்பவர் 5 புள்ளி மேலே என்றால் சுமார் 74, 10 புள்ளி மேலே என்றால் சுமார் 89. நிலையான எண்ணோடு மோதினால் இதே மூன்றும் 55, 80, 100. ஆக, இரண்டாவது பகடை அதிர்ஷ்டத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்து, பயிற்சியின் பலனைக் குறைக்கிறது. கோமாளித்தனமான, எதுவும் நடக்கக்கூடிய சண்டைக்கு அது பொருந்தும். பல வருஷம் சுவடு (கால்வைப்பு முறை) பழகிய ஒருவன் அந்தப் பழக்கத்தால் பிழைக்கிறான் என்று காட்ட விரும்புகிற ஆட்டத்துக்குப் பொருந்தாது. அதோடு ஒவ்வொரு அடிக்கும் இரண்டு உருட்டு, இரண்டு கூட்டல், முடிவு எதுவும் இல்லை. இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மூன்றாவது வழியில்தான் விஷயம் ஆழமாகிறது. அடிக்கிறவர் தன் திறனுக்குள், அதாவது தன் திறன் எண்ணைத் தாண்டாமல், உருட்ட வேண்டும், பட்டால் வாங்குகிறவர் தன் தடுப்புத் திறனுக்குள் உருட்டி அதை அழிக்கலாம். 1978-ல் வந்த ரூன்குவெஸ்ட் இதை நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் வைத்தது. அதை எழுதிய ஸ்டீவ் பெரின் கவசம் மாட்டி வாள்சண்டை பழகும் குழுவில் நேரடியாக இருந்தவர், அந்த அனுபவம் விதியில் தெரியும். 1984-ல் ஜெர்மனியில் வந்த தி டார்க் ஐ ஆட்டமும் தாக்குக்கு ஒரு எண், தடுப்புக்கு ஒரு எண் என்று இதே பாதையில் போனது.

கேட்க அருமையாக இருக்கும். சம பலமுள்ள இருவரை நிறுத்திக் கணக்குப் போட்டால்தான் சிக்கல் புரியும். இருவருக்கும் தாக்கும் தடுப்பும் 40 என்றால் நூறு அடியில் 24 படும். 50 என்றால் 25, அதுதான் உச்சம். அதற்கு மேல் திறமை ஏற ஏற அடி குறையும்: 80-க்கு 16, 90-க்கு 9. ஆட்டத்தின் உச்சக் காட்சியில், ஆசானும் அவருக்குச் சமமான எதிரியும் நேருக்கு நேர் நிற்கும்போது, பதினொரு அடிக்கு ஒன்று படுகிறது. மற்ற பத்தும் "அடிச்சேன்", "தடுத்தேன்", "அடிச்சேன்", "தடுத்தேன்". பார்க்கிறவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். தடுப்புக்கு எந்தச் செலவும் இல்லாததுதான் காரணம். இலவசம் என்றால் எவனும் எப்போதும் தடுப்பான். எப்போதும் செய்கிற ஒன்றில் முடிவு எங்கே இருக்கிறது?

கர்ப்ஸ் ஆட்டம் இதற்கு நல்ல மருந்து தேடியது. 1986-ல் ஸ்டீவ் ஜாக்சன் கொண்டுவந்தது, நான்காம் பதிப்பு 2004-ல். மூன்று ஆறு பக்கப் பகடைகள், எண்ணுக்குள் விழ வேண்டும். விலகுதல், ஆயுதத்தால் தடுத்தல், பரிசையால் மறித்தல் என்று மூன்று தனித் தற்காப்புகள், மூன்றும் வேறு வேறு குணம். ஆயுதத் தடுப்பு என்பது திறனில் பாதியோடு 3. அதனால் திறன் 14 உள்ளவருக்கும் தடுப்பு 10, அதாவது சரியாக 50 சதவீதம். அதே ஆயுதத்தால் அதே சுற்றில் மறுபடி தடுத்தால் 4 குறையும், பரிசையால் ஒருமுறைதான். எனக்கு ரொம்பப் பிடித்தது பின்வாங்கும் விதி. ஒரு அடி பின்னால் வைத்தால் விலகுதலுக்கு 3 கூடும். சாதாரண ஆளின் விலகுதல் 8, அதாவது சுமார் 26 சதவீதம். கால் பின்னால் போனால் 11, அதாவது 62.5. முதுகுக்குப் பின்னால் இடம் இருக்கிறதா இல்லையா என்பதே உயிர்ப் பிரச்சினை ஆகிறது. தாக்குகிறவருக்கும் தந்திரம் உண்டு: தன் உருட்டில் 2 விட்டுக்கொடுத்தால் எதிரியின் தற்காப்பில் 1 குறையும். திறன் 16 உள்ளவர் தடுப்பு 10 உள்ளவரை நேராக அடித்தால் சுமார் 49 சதவீதம், நான்கைக் கழித்துத் தந்திரமாக அடித்தால் 55. அதனால் நல்ல வாள்காரருக்குத் திறமை வீணாவதில்லை.

கணக்குப் பார்ப்பதில் ஆசை உள்ள, ஆட்களைக் குறைவாகச் சண்டைக்கு இறக்குகிற மேசை கர்ப்ஸை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அது பாரம். பரிசை எந்தப் பக்கம், எத்தனையாவது தடுப்பு, பின்வாங்கியாச்சா இல்லையா என்று ஒவ்வொருவருக்கும் நினைவில் வைக்க வேண்டியவை அதிகம். ஐந்து பேருக்கும் எதிரிகளுக்கும் கேம் மாஸ்டர் ஒருவரே அதைச் சுமக்க வேண்டும்.

2002-ல் வந்த தி ரிடில் ஆஃப் ஸ்டீலைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பிடிப் பகடை. அதையே தாக்குக்கும் தடுப்புக்கும் பிரித்துச் செலவழிக்க வேண்டும். தொடக்கத்தில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரு பகடையை வீசிக் காட்டுவார்கள்: சிவப்பு என்றால் பாய்கிறேன், வெள்ளை என்றால் காத்திருக்கிறேன். இருவரும் சிவப்பு என்றால் இருவரும் வெட்டுப்படலாம். இரண்டு பேர் சண்டைக்கு இதைவிடப் பதற்றமான விதியை நான் கண்டதில்லை. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் எட்டுப் பேர் மிளகு மூட்டையை மறிக்கிற காட்சிக்கு இதை எடுத்தால் பொழுது விடிந்துவிடும்.

எங்களுக்கு வழி காட்டியது கடைசியாகப் பார்த்த ஒன்று. 2023-ல் ஆங்கிலத்தில் வந்த டிராகன்பேன். அதில் தடுத்தாலோ விலகினாலோ அந்த ரவுண்டில் உன் முறை போயிற்று. தடுப்பதற்கு விலை வைத்தாகிவிட்டது, விலை என்ன என்பதும் ஒரே வரியில் விளங்குகிறது. இன்று அடி வாங்காமல் இருக்க வேண்டுமா, அடி கொடுக்க வேண்டுமா, ஒன்றைச் சொல்லு. 2014-ல் வந்த கால் ஆஃப் துலூவின் ஏழாம் பதிப்பில் இன்னொரு நல்ல யோசனை: ஒருமுறை தற்காத்துக்கொண்டவரை அதே ரவுண்டில் அடுத்தடுத்து அடிக்கிறவர்களுக்குப் போனஸ் பகடை. நாலு பேர் சுற்றி நின்றால் வீரனும் சாவான் என்பதைத் தனி அட்டவணை இல்லாமலே சொல்லிவிடுகிறது.

இந்த இரண்டையும் சேர்த்து நாங்கள் கட்டியது மஞ்சாடி விதி. ரவுண்டு தொடங்கும்போது ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு மஞ்சாடி முத்து (மஞ்சாடி மரத்தின் சிவப்பு விதை). அடிக்க ஒன்று, தடுக்க ஒன்று, ஓடி நெருங்க ஒன்று. மிச்சம் வைத்தால் அடுத்த ரவுண்டுக்கு வராது. ஒருவர் மாற்றி ஒருவர், ஒரு நேரத்தில் ஒரு முத்து. தாக்கும் தடுப்பும் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு. முத்துக்கள் மேசைமேல் எல்லார் கண்ணிலும் பட வேண்டும், கைக்குள் மறைக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையில்தான் மொத்த விதியும் நிற்கிறது.

ஒரு சண்டையை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ஆற்றுப் படிக்கட்டில் எங்கள் நெடுவடிக்காரரும் ஒரு வாள்-பரிசைக் காவலனும். இருவருக்கும் தாக்கு 60, தடுப்பு 50 அளவில், ஏறக்குறைய சமம். நெடுவடி முதல் முத்தை வைத்து அடிக்கிறது, 38, பட்டது. காவலன் ஒரு முத்து கொடுத்துப் பரிசையைத் தூக்குகிறான், 71, தவறியது, 5 டேமேஜ் (அத்தனை ஹெச்பி போனது). காவலன் தன் கடைசி முத்தை வைத்து வெட்டுகிறான், 44, படப்போகிறது. கேம் மாஸ்டர் கேட்கிறார்: "தடுக்கியா, வாங்குகியா மக்கா?" நெடுவடிக்காரரிடம் மிச்சம் ஒரு முத்து, 7 ஹெச்பி. வாளுக்கு எட்டுப் பக்கப் பகடை; 7 அல்லது 8 விழுந்தால் ஆள் காலி, நான்கில் ஒரு வாய்ப்பு. தடுத்தால் பாதிக்குப் பாதி வெட்டு நிற்கும், ஆனால் முத்து தீர்ந்தது. வாங்கினால், எதிரே முத்தே இல்லாத காவலனை அறுபது சதவீதத்தில் தடையின்றி அடிக்கலாம். அவர் முத்தை விரலால் உருட்டிக்கொண்டே காவலனின் காலி இடத்தைப் பார்த்தார். பாறசாலைக்காரர் ஒருவர் "வேண்டா, தடுக்கு!" என்று கத்த, மற்றவர்கள் "விடுங்க அண்ணே, அடிங்க!" என்றார்கள். அவர் வாங்கினார். பகடையில் 3. அடுத்த அடி காவலனைப் படியில் உருட்டியது. ஆர்மர் கிளாஸில் இதே வெட்டு ஒரு நொடியில் முடிந்திருக்கும், யாருக்கும் நினைவிலும் நின்றிருக்காது.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. எதிரியிடம் முத்து இருக்கும்வரை உன் அடி பலிக்கும் வாய்ப்பு 60-ல் பாதி, 30. எதிரி அடியை உருட்டும் முன் பார்த்தால், உன் தடுப்பு மிச்சப்படுத்துவதும் அதே 30. இரண்டும் சமம் என்பதால் எது சரி என்று மனப்பாடமாகச் சொல்ல முடியாது. எதிரியின் முத்து தீர்ந்த கணமே அடியின் மதிப்பு இரட்டிப்பாகிறது. அதனால் எல்லாரும் எதிரியின் முத்தைத் தீர்க்கப் பார்க்கிறார்கள், கூட்டாளியை முதலில் அடிக்கச் சொல்கிறார்கள், வேண்டுமென்றே காத்திருக்கிறார்கள்.

எப்போது தடுப்பைச் சொல்ல வேண்டும் என்பதில் எங்களுக்குள் நல்ல வாக்குவாதம் நடந்தது. அடி உருட்டும் முன்பே சொல்லச் சொன்னால், 60 சதவீத எதிரிக்கு எதிராகப் பத்தில் நான்கு முத்து தானாகவே தவறியிருக்கும் அடிக்கு வீணாகும். டேமேஜ் தெரிந்த பிறகு சொல்லலாம் என்றால், பெரிய அடிக்கு மட்டும் முத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு சின்ன அடிகளை அலட்சியமாக வாங்குவார்கள், பயம் போய்விடும். அடி பட்டது தெரிந்த பிறகு, டேமேஜ் உருட்டும் முன்: இதுதான் எங்கள் முடிவு. கர்ப்ஸிலும் வரிசை இதுதான். இதில் தவறிய அடிக்குத் தற்காப்பு உருட்டே தேவையில்லை என்பதால் நேரமும் மிச்சம்.

எங்களில் ஒருவர் சின்ன வயதிலேயே ஆசானிடம் அடிமுறை என்கிற தற்காப்புக் கலை படித்தவர். அவர் இந்த விதியை ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்று மெதுவாகச் செய்து காட்டினார். எதிரே வந்த கையை இடது முழங்கை வாங்குகிறது, அதே சுவட்டில் கால் திரும்புகிறது, வலது முழங்கை ஏற்கெனவே விலாவில் இருக்கிறது. "தடுக்கிறதும் அடிக்கிறதும் ஒரே சுவடுதான், நீங்க ரெண்டா விலை போடுறீங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. அதற்காகச் சேர்த்ததுதான் இந்த வரி: தடுப்பு உருட்டு, திறனில் ஐந்தில் ஒரு பங்குக்குள் விழுந்தால் செலவழித்த முத்து திரும்பி வரும். 50 உள்ளவருக்குப் பத்து சதவீதம், 80 உள்ள ஆசானுக்குப் பதினாறு. புதியவனுக்குத் தடுப்பு ஒரு செலவு. பழகியவனுக்குச் சில நேரம் அதுவே அடிக்கிற வாசலாகிவிடும்.

கூட்டத்துக்குத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. நாலு பேர், ஆளுக்கு இரண்டு முத்து என்றால் எட்டு அடி, அதில் ஐந்து அளவுக்குப் படும், தடுத்தாலும் ஒன்றுதான் குறையும். அது சண்டை இல்லை, கொலை. அதனால் பேரில்லாத ஆட்களுக்கு ஒரே முத்து. நாலு அடியில் இரண்டரை அளவுக்குப் படும், இரண்டு முத்தாலும் தடுத்தால் ஒன்றரைக்கு வந்துவிடும். கூடவே ஒழிவு என்றொரு வகை: தடுப்புக்குப் பதில் ஒரு கட்டம் பின்னால் போனால் உருட்டில் 10 கூடும், குறுவடிக்காரன் மறுபடி நெருங்க முத்து செலவழிக்க வேண்டும். ஒரே முத்து உள்ளவனுக்கு அதோடு அந்த ரவுண்டு முடிந்தது. முதுகு சுவரில் முட்டினால் ஒழிவு கிடையாது. வந்த நாளிலேயே எல்லாரும் வரைபடத்தில் சுவர் எங்கே, படி எங்கே என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

துப்பாக்கி ரவையைக் கம்பால் தடுக்க முடியாது. அதற்கு எதிராக முத்து செல்லாது. மரமோ மதிலோ வேண்டும். அதற்கு ஈடாக, மறுபடி மருந்து இடித்துச் சுட மூன்று ரவுண்டு. ரவுண்டை ஆறு நொடி என்று வைத்தால், பழகிய சிப்பாய் அந்தக் காலத் துப்பாக்கியில் மறு வேட்டுக்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான்.

இனி உங்கள் மேசைக்கு. ஒரு சண்டையில் பத்துப் பதினைந்து எதிரிகளை வாரம்தோறும் இறக்குகிறீர்கள் என்றால் மஞ்சாடி விதி வேண்டாம். நிலையான எண்ணோடு இருங்கள், உருட்டை மட்டும் ஆட்டக்காரர் கைக்கு மாற்றுங்கள். சண்டை அரிதாக, இருவர் மூவருக்குள் நடக்கிறது என்றால் கர்ப்ஸின் மூன்று தற்காப்புகளை அப்படியே எடுங்கள். நடுவில் இருப்பவர்கள் முத்து முறையை முயலலாம், ஆனால் இரும்புக் கவசம் உள்ள உலகம் என்றால் கவசத்தைத் தடுப்பு எண்ணில் சேர்க்காமல் டேமேஜில் கழியுங்கள். இரண்டிலும் சேர்த்தால் ரூன்குவெஸ்ட் பாதையில் வந்த அதே இழுவை உங்களுக்கும் வரும். முத்து மூன்று வேண்டும் என்று யாராவது கேட்பார்கள், எங்களிடமும் கேட்டார்கள். கொடுக்காதீர்கள். மூன்று இருந்தால் ஒன்றைத் தடுப்புக்கு என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடுகிறார்கள்.